வராத பேரரசர்கள்: எருசலேம் திருக்கல்லறை ஆலயமும் அரச ஆதரவும்

கி.பி. 1047-இல் எருசலேமுக்கு வந்த பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, அங்கிருந்த கிறிஸ்தவர்களின் பெரிய கோவிலைத் தன் பயண நூலில் வருணித்திருக்கிறார். உள்ளே 8,000 பேர் கூடலாம் என்கிறார். வண்ணப் பளிங்கு, ரோமானிய நாட்டுச் சரிகைப் பட்டு, பொன் பூசிய ஓவியங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஊரில் கேட்ட செய்தி ஒன்றையும் சேர்க்கிறார். கலீபா அல்-ஹாகிமின் காலத்தில் ரோமானியப் பேரரசர் ஒருவர் யாரும் அறியாதபடி மாறுவேடத்தில் இந்த ஆலயத்துக்கு வந்தாராம். அல்-ஹாகிம் எப்படியோ அதைத் தெரிந்துகொண்டு, ‘நீ வந்தது எனக்குத் தெரியும், பயப்படாதே, உனக்குத் தீங்கு செய்யமாட்டேன்’ என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாராம்.

அப்படி யாரும் வரவில்லை. அல்-ஹாகிம் ஆண்ட காலத்தில் கான்ஸ்டான்டிநோபிளில் ஆட்சியிலிருந்தவர் இரண்டாம் பசில். பல்கேரியப் போரிலும் சிரிய எல்லையிலும் வாழ்நாளைக் கழித்த அவர் எருசலேமுக்குப் போனதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஆனாலும் இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. பேரரசர் வந்திருக்க வேண்டும் என்று அந்த நகரம் எதிர்பார்த்தது. இயேசு அடக்கம் செய்யப்பட்டு உயிர்த்தெழுந்த இடம் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் அந்தக் கல்லறையின் மீது எழுந்த ஒவ்வொரு கட்டடத்திலும் ஏதோ ஒரு பேரரசரின் பெயர் ஒட்டியிருந்தது. ஆனால் 4-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை, ஆட்சியிலிருக்கும்போதே அங்கே நேரில் வந்து நின்ற கிறிஸ்தவப் பேரரசர்கள் இருவர்தான்: 630-இல் ஹெராக்ளியஸ், 1229-இல் இரண்டாம் பிரெடெரிக். மற்றவர்கள் தூரத்தில் இருந்தபடியே பணம் அனுப்பினார்கள், கொத்தர்களை அனுப்பினார்கள், உடன்படிக்கை எழுதினார்கள்.

பேரரசர்கள் தங்கள் பெருமைக்காகப் புனிதத் தலங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பொதுவாக எழுதுவார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எருசலேமின் சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், உறவுக்கான முதல் அடி பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்துதான் விழுகிறது. காவலர் இல்லாத ஒரு சிறிய திருச்சபை, தொலைவிலிருந்த அரசரைத் தேடிப் போய்த் தன்னோடு கட்டிப்போட்டுக்கொண்டது. அந்த முயற்சியின் வரலாறு, அரசர்களின் வரலாற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தொடக்கத்திலேயே இதைக் காணலாம். கி.பி. 70-இல் ரோமப் படையால் அழிக்கப்பட்ட எருசலேமின் மீது, இரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் ஹாட்ரியன் ஏலியா கபிட்டோலினா என்ற ரோமானியக் குடியேற்ற நகரைக் கட்டினார். கல்லறை இருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் மண் நிரப்பி, அதன்மேல் வீனஸ் தெய்வத்துக்குக் கோவில் எழுப்பப்பட்டது. 324-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிழக்கையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது, அந்த நகரின் ஆயராக இருந்தவர் மக்காரியஸ். எருசலேம் ஆயருக்கு அப்போது அதிகாரம் குறைவு. கடற்கரை நகரமான செசரியாவின் பேராயருக்குக் கீழ்ப்பட்டவர் அவர். 325-இல் நிக்கேயாவில் கூடிய சங்கம் அவருக்குத் தனி மரியாதை உண்டு என்று ஒரு விதியில் சொன்னது. அதே விதியில் செசரியாவின் மேலுரிமை குறையாது என்றும் சொன்னது. அந்தச் செசரியாவின் ஆயர்தான் வரலாற்றாசிரியர் யூசிபியஸ்.

நிக்கேயாவுக்குப் பிறகு வீனஸ் கோவிலை இடித்துத் தோண்ட அரச ஆணை வந்தது. தோண்டியபோது பாறையில் குடைந்த கல்லறை வெளிப்பட்டது. கான்ஸ்டன்டைன் மக்காரியஸுக்கு எழுதிய கடிதத்தை யூசிபியஸ் தன் நூலில் சேர்த்து வைத்திருக்கிறார். உலகிலுள்ள எந்தக் கட்டடத்துக்கும் இது இளைத்ததாக இருக்கக் கூடாது என்கிறார் பேரரசர். வேலையாட்களையும் பொருட்களையும் தருமாறு அதிகாரி டிராசிலியானஸுக்குச் சொல்லிவிட்டதாகத் தெரிவிக்கிறார். எந்தப் பளிங்கு, எந்தத் தூண் வேண்டும், மேற்கூரைக்குப் பொன் பூசலாமா என்றெல்லாம் ஆயரையே கேட்கிறார். கருவூலம் பேரரசருடையது, கட்டடத்தின் தேவைகளைச் சொல்லும் வாய்ப்பு ஆயருக்குக் கிடைத்திருக்கிறது. 335 செப்டம்பர் 13-இல் அர்ச்சிப்பு நடந்தது. கிழக்கே நகரின் பெருந்தெருவிலிருந்து படியேறினால் ஐந்து பத்திகள் கொண்ட பசிலிக்கா, அதைத் தாண்டித் திறந்த முற்றம், முற்றத்தின் ஓரத்தில் கொல்கொதா பாறை, மேற்குக் கோடியில் கல்லறை. கல்லறையைச் சூழ்ந்த வட்ட மண்டபம் பின்னர் முழுமையடைந்தது. தீர் நகரில் சங்கம் கூடியிருந்த ஆயர்கள் எல்லோரும் அர்ச்சிப்புக்கு வந்தார்கள். ஆட்சியின் முப்பதாம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த கான்ஸ்டன்டைன் வரவில்லை. இரண்டு ஆண்டில் இறந்தும் போனார்.

இங்கே சிலுவையின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலனா உண்மையான சிலுவையைக் கண்டெடுத்தார் என்பது பிற்காலத்தில் உலகமே அறிந்த மரபு. ஆனால் ஹெலனாவின் பயணத்தை விவரிக்கும் யூசிபியஸ் சிலுவை கிடைத்ததாக ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தன் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்ட நகரம் தன்னை மிஞ்சுவதை அவர் விரும்பவில்லை என்று சில ஆய்வாளர்கள் இந்த மௌனத்துக்கு விளக்கம் தருகிறார்கள். அடுத்த தலைமுறையில் எருசலேம் ஆயரான சிரில், சிலுவை மரத்தின் துண்டுகள் உலகெங்கும் பரவிவிட்டன என்று தன் மறையுரையில் சொல்கிறார். 351 மே மாதம் கொல்கொதாவுக்கு மேலே வானில் ஒளிச்சிலுவை ஒன்று தோன்றியதாகப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸுக்கு அவர் கடிதம் எழுதினார். உங்கள் தந்தையின் காலத்தில் எருசலேமில் சிலுவை மரம் கிடைத்தது. உங்கள் காலத்திலோ வானத்திலேயே அடையாளம் தோன்றியிருக்கிறது என்பது அதன் சாரம். ஓர் அரசரை ஒரு தலத்தோடு பிணைப்பதற்கு இதைவிடத் திறமையாக எழுத முடியாது என்று நினைக்கிறேன். தந்தையின் புகழில் மகனுக்குப் பங்கு கிடைக்கிறது, ஆனால் அந்தப் புகழின் சாவி எருசலேமில் இருக்கிறது. ஹெலனாவின் பெயரைச் சிலுவையோடு சேர்த்து மிலான் ஆயர் அம்புரோஸ் 395-இல் பேசினார். அது தியோடோசியஸ் என்ற பேரரசரின் இரங்கல் உரையில் என்பதைக் கவனிக்க வேண்டும். 451-இல் கால்செடோன் சங்கம் எருசலேமை முதுபெரும் தந்தையின் பீடமாக உயர்த்தியது. செசரியா அதற்குக் கீழே வந்தது. மக்காரியஸ் தொடங்கியது ஒன்றேகால் நூற்றாண்டில் பலித்தது.

614-இல் பாரசீகப் படை எருசலேமைப் பிடித்தது. ஆலயம் எரிந்தது, சிலுவைத் திருப்பண்டமும் முதுபெரும் தந்தை சக்கரியாவும் பாரசீகத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். துறவி மொதெஸ்துஸ் ஊர் ஊராகக் காணிக்கை திரட்டி ஆலயத்தைச் செப்பனிட்டார். பாரசீகத்தை வென்ற ஹெராக்ளியஸ் 630-இல் சிலுவையைத் தானே கொண்டுவந்து திரும்ப வைத்தார். நேரில் வந்த முதல் பேரரசர் அவர். அந்த வருகையின் மறுபக்கம் கொடியது: நகரிலிருந்த யூதர்கள் விரட்டப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். எட்டு ஆண்டுக்குள் நகரம் அரபுப் படையிடம் சரணடைந்தது. அதற்குப் பிறகு கான்ஸ்டான்டிநோபிளின் எந்தப் பேரரசரும் எருசலேமை ஆளவில்லை. கலீபா உமர் ஆலயத்துக்குள் தொழ மறுத்து, அது கிறிஸ்தவர்களின் கையிலேயே இருக்க வழிசெய்தார் என்ற செய்தியை 10-ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் யூத்திக்கியுஸ் பதிவு செய்திருக்கிறார்.

இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்த திருச்சபைக்குப் பழைய காவலர் எதிரி நாட்டு அரசராகிவிட்டார். கான்ஸ்டான்டிநோபிளிடம் உதவி கேட்பதே ஆபத்து. அப்போதுதான் மேற்கே ஒரு புதிய பெயர் கேட்டது. 799-இல் எருசலேமின் முதுபெரும் தந்தை அனுப்பிய துறவி ஒருவர் திருப்பண்டங்களோடு பிராங்கிய மன்னர் சார்லமேனின் அரண்மனைக்கு வந்தார். சார்லமேன் பதிலுக்கு ஒரு குருவைக் காணிக்கைகளோடு அனுப்பினார். அந்தக் குரு எருசலேம் துறவிகள் இருவரோடு 800 டிசம்பரில் உரோமைக்குத் திரும்பினார். திருக்கல்லறையின் சாவி, கொல்கொதா என்னும் கல்வாரியின் சாவி, நகரின் சாவி, ஒரு கொடி ஆகியவற்றை அவர்கள் கொண்டுவந்தார்கள் என்று பிராங்கிய அரசவைக் குறிப்புகள் சொல்கின்றன. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, புனித பேதுரு ஆலயத்தில் சார்லமேன் பேரரசராக முடிசூட்டப்பட்டார். கலீபா ஹாரூன் அல்-ரஷீத் அந்தத் தலத்தையே சார்லமேனின் ஆளுகைக்கு விட்டுக்கொடுத்தார் என்று சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட் கூறுவது மிகைதான். அரபு ஆவணங்களில் அப்படி எதுவும் இல்லை. சாவியை அனுப்பியவர் முதுபெரும் தந்தை. அது ஆட்சியுரிமையை ஒப்படைத்தது அல்ல, ஆதரவு கேட்டு நீட்டிய கை.

அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள ஒரு தோற்சுருள் பதில் சொல்கிறது. ஏறத்தாழ 808-ஐச் சேர்ந்த கணக்கு அது. புனித நாட்டின் ஒவ்வோர் ஆலயத்திலும் எத்தனை குருக்கள், எத்தனை துறவிகள், எந்தக் கட்டடம் இடிந்து கிடக்கிறது, முக்கிய ஆலயங்களின் நீள அகலம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. திருக்கல்லறையில் தொண்டு செய்யும் பெண் துறவிகளில் 17 பேர் சார்லமேனின் பேரரசிலிருந்து வந்தவர்கள் என்றும் குறித்திருக்கிறது. இந்தச் சுருளை 2011-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட மைக்கேல் மெக்கார்மிக், பண உதவி அனுப்புவதற்கு முன் எடுத்த நேரடிக் கணக்கு இது என்று காட்டினார். 810-இல் சார்லமேனின் அரசவையிலிருந்து வந்த ஆணைக் குறிப்பு ஒன்று, எருசலேம் ஆலயங்களைப் புதுப்பிக்கக் காணிக்கை அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறது. இரு சான்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. புகழுக்காக மட்டும் செய்பவர், இடிந்த மடத்தில் எத்தனை துறவிகள் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லமாட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே போன பெர்னார்ட் என்ற துறவி, சார்லமேன் நிறுவிய பயணியர் விடுதியில் தங்கியதாகவும் அங்கே நல்ல நூலகம் இருந்ததாகவும் எழுதுகிறார். சார்லமேன் எருசலேமுக்கே போய் வந்தார் என்ற கதை 10-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்டு, பிறகு பிரெஞ்சுக் காவியமாகவே வளர்ந்தது.

ஆலயத்தின் பெரும் அழிவு 1009-இல் வந்தது. பாத்திமிய கலீபா அல்-ஹாகிமின் ஆணையால் அது இடிக்கப்பட்டது. அந்தியோக்கியாவின் யஹ்யா என்ற வரலாற்றாசிரியர், இடிப்பதற்குக் கடினமான பகுதிகள் தவிர மற்ற எல்லாம் போயின என்கிறார். அவர் சொன்னதற்கு நம் காலத்தில் ஒரு சான்று கிடைத்தது. 2016-இல் ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு கல்லறை மாடத்தைப் புதுப்பித்தபோது, மூல பாறைக்கும் அதன்மேல் கிடந்த பளிங்குப் பலகைக்கும் இடையிலிருந்த சாந்தை ஆய்வு செய்தார்கள். அதன் காலம் ஏறத்தாழ 345 என்று வந்தது. கான்ஸ்டன்டைன் கால வேலை, அல்-ஹாகிமின் ஆட்களுக்குத் தப்பி, கல்லறைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மீண்டும் கட்டிய வரலாறு இந்தக் கட்டுரையின் மையம். பெரும்பாலான நூல்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிடும்: பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் மொனொமாக்கோஸ் 1048-இல் கட்டினார். அந்த வரி தீர் நகரப் பேராயர் வில்லியம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதியதிலிருந்து வருகிறது. ஆனால் 1047-இலேயே நாசிர் குஸ்ரோ அலங்காரம் முடிந்த ஆலயத்தைப் பார்த்துவிட்டார். 11-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்ஸஸ், மூன்றாம் ரொமனோஸ் வேலையில் இறங்கினார், அவருக்குப் பின் வந்தவர் முடித்தார் என்கிறார். அப்படியானால் அது நான்காம் மைக்கேல். இரண்டு சாட்சியங்களையும் சேர்த்துப் பார்த்தால், மொனொமாக்கோஸின் பங்கு கடைசிக் கட்டத்து வேலையாக இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. புகழ் அவருக்குப் போனதற்கு அவருடைய பெயரும் உதவியிருக்கும்: முதலில் கட்டியவரும் கான்ஸ்டன்டைன், திரும்பக் கட்டியவரும் கான்ஸ்டன்டைன்.

யார் முடித்தார்கள் என்பதைவிட எப்படி முடிந்தது என்பது முக்கியம். பகை நாட்டு நகரில், பகை அரசரின் அனுமதியோடு, தன் கருவூலத்திலிருந்து ஓர் ஆலயம் கட்டுவது எளிதான காரியம் அல்ல. 1027-இல் கலீபா அல்-ஸாஹிருடன் பேரரசர் எட்டாம் கான்ஸ்டன்டைன் உடன்பாடு செய்தார். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்த பள்ளிவாசலில் பாத்திமிய கலீபாவின் பெயரால் குத்பா என்ற வெள்ளிக்கிழமைப் பேருரை ஓதப்படும். பதிலுக்கு எருசலேம் ஆலயத்தைக் கட்டிக்கொள்ளலாம். கட்டாயத்தால் இஸ்லாத்துக்கு மாறியவர்கள் விரும்பினால் திரும்பலாம் என்பதும் பேச்சில் இடம்பெற்றது. ஒரு நகரின் பள்ளிவாசலும் இன்னொரு நகரின் ஆலயமும் ஒன்றுக்கொன்று பிணையாக நின்றன. அடுத்த பத்தாண்டில் நடந்த பேச்சுகளில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் கைதிகளை விடுவிப்பதும் சேர்ந்தது. இதில் எருசலேம்காரர்களின் கை எங்கே இருந்தது என்பதைத் தீர் வில்லியமே சொல்கிறார். யோவான் கரியனிதிஸ் என்றொருவர், உயர்குடியில் பிறந்து துறவியானவர், எருசலேம் கிறிஸ்தவர்களின் தூதராகக் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து, செலவைக் கருவூலத்திலிருந்தே தர வைத்தார். இந்த மனிதரைப் பற்றி வேறெங்கும் அதிகம் பேசுவதில்லை. ஆலயத்தை எழுப்பியவர்களின் வரிசையில் பேரரசர்களுக்கு இணையாக அவரை வைக்கத் தயங்கமாட்டேன்.

கட்டடத்தில் இரண்டு கைகள் தெரிகின்றன. 1989-இல் வெளிவந்த ஆய்வில் ராபர்ட் ஊஸ்டர்ஹவுட், உள்ளூர்க் கொத்தர்களின் கல்வேலையையும், கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த கொத்தர்களின் கல்லும் செங்கல்லும் கலந்த வேலையையும் பிரித்துக் காட்டினார். பணம் எல்லையற்றதாக இல்லை. கான்ஸ்டன்டைனின் ஐந்து பத்திப் பசிலிக்கா திரும்ப எழவே இல்லை. வட்ட மண்டபத்தைச் சீர்ப்படுத்தி, கிழக்கே அரைவட்டப் பீட மாடம் சேர்த்து, முற்றத்தைச் சுற்றிச் சிறு கோவில்களை வைத்தார்கள். 1099 ஜூலையில் சிலுவைப் போர்ப்படை நகருக்குள் புகுந்தபோது இருந்தது இந்த ஆலயம்தான். வில்லியம் சொல்லும் இன்னொரு செய்தியும் இதோடு சேர்ந்தது: 1063 வாக்கில் நகர மதிலின் ஒரு பகுதியைக் கட்டிமுடிக்கக் கிறிஸ்தவர்களால் இயலாதபோது, பேரரசர் பத்தாம் கான்ஸ்டன்டைன் டூக்காஸ் சைப்ரஸ் தீவின் வருவாயிலிருந்து செலவைக் கொடுத்தார். அந்த மதிலுக்கு உட்பட்ட பகுதியில் கிறிஸ்தவர்கள் மட்டும் குடியிருக்கவும் முதுபெரும் தந்தை வழக்குகளைத் தீர்க்கவும் கலீபா இசைந்தார்.

எருசலேமில் சிலுவைப் போர்வீரர்களின் லத்தீன் அரசு ஏற்பட்ட பிறகு கான்ஸ்டான்டிநோபிளின் இடம் போய்விட்டது என்றே தோன்றும். பெத்லகேம் அதை மறுக்கிறது. அங்குள்ள பிறப்பு ஆலயத்தின் பீடப் பகுதியில் 1169-ஆம் ஆண்டைச் சேர்ந்த கிரேக்க, லத்தீன் எழுத்துப் பொறிப்பு இருக்கிறது. துறவியும் மொசைக் கலைஞருமான எஃப்ரேம் செய்த வேலை. பேரரசர் மானுவேல் கொம்னினோஸின் ஆட்சியில். எருசலேம் மன்னர் அமால்ரிக்கின் நாட்களில். ஆயர் ராவுலின் காலத்தில். வரிசையைப் பாருங்கள்: நாட்டை ஆளும் லத்தீன் மன்னருக்கு முன்னால் கிரேக்கப் பேரரசர். அமால்ரிக் 1167-இல் மானுவேலின் உறவுப் பெண் மரியாவை மணந்திருந்தார். எகிப்தின் மீது படையெடுக்கப் பைசாந்தியக் கப்பல்கள் அவருக்குத் தேவைப்பட்டன. லத்தீன் ஆயர் பேரரசரின் உருவத்தையும் ஆலயத்தில் வைத்திருந்தார் என்றும், எருசலேமில் கல்லறையின் பலகையை மானுவேல் பொன்னால் மூடினார் என்றும் கிரேக்கப் பயணி யோவான் ஃபோகாஸ் எழுதுகிறார். பசில் என்ற கலைஞரின் பெயர் அதே பெத்லகேம் சுவரில் சிரியாக் எழுத்தில் இருக்கிறது. உள்ளூர்க் கீழைக் கிறிஸ்தவர்களின் கையும் சேர்ந்த வேலை அது. 2013-இல் தொடங்கிய சீரமைப்பில் அழுக்கு நீங்கிய பிறகு, நடுக்கூடத்துச் சுவரில் வரிசையாக வரும் வானதூதர்களில் பூச்சுக்குள் மறைந்திருந்த ஏழாவது உருவமும் வெளிவந்தது.

1187-இல் ஸலாஹுத்தீன் எருசலேமை மீட்டார். நேரில் வந்த இரண்டாவது பேரரசர் அதன் பிறகுதான் வருகிறார். ஜெர்மனியையும் சிசிலியையும் ஆண்ட இரண்டாம் பிரெடெரிக், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவராகவே கடல் கடந்தார். சுல்தான் அல்-காமிலோடு 1229 பிப்ரவரி 18-இல் உடன்படிக்கை செய்து, பெரும் போர் எதுவுமின்றி எருசலேமைப் பெற்றார். அல்-அக்ஸா வளாகம் முஸ்லிம்களிடமே இருந்தது. மார்ச் 18-இல் திருக்கல்லறை ஆலயத்துக்குள் போய், பீடத்திலிருந்த முடியைத் தானே எடுத்துச் சூடிக்கொண்டார். அது முடிசூட்டு விழாவா, முடி தரித்து நின்ற சடங்கு மட்டுமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எருசலேம் அரசுரிமை அவருடைய மனைவி இசபெல்லா வழியாக வந்தது; அவர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டதால் சட்டப்படி அது கைக்குழந்தையான மகன் கொன்ராடுக்கு உரியது. எந்த ஆயரும் திருப்பலி நிறைவேற்றவில்லை. மறுநாள், முதுபெரும் தந்தை ஜெரால்டின் கட்டளையோடு செசரியாப் பேராயர் வந்து நகரில் வழிபாடுகளுக்குத் தடை விதித்தார். பிரெடெரிக் அன்றே வெளியேறினார். மே 1-இல் அவர் ஆக்கர் துறைமுகத்தில் கப்பலேறப் போனபோது, இறைச்சிக் கடைத் தெருவினர் குடலையும் கழிவையும் அவர்மீது வீசினார்கள்.

ஹெராக்ளியஸைத் தவிர்த்தால், மக்காரியஸ் முதல் ராவுல் வரை ஆயர்கள் அழைத்துச் சேர்த்துக்கொண்ட பேரரசர்கள் யாரும் வரவில்லை. கடைசியில் வந்து நின்ற பிரெடெரிக்கை அந்தத் திருச்சபை ஏற்கவில்லை. ஆலயத்தில் அவர் பெயரால் ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. அவருடைய உடன்படிக்கை தந்த ஆட்சியை, அது முடிந்து சில ஆண்டுகளிலேயே, 1244-இல் க்வாரஸ்மியப் படை துடைத்தெறிந்தது. ஆலயத்துக்குள் குருக்கள் கொல்லப்பட்டார்கள், சிலுவைப்போர் மன்னர்களின் கல்லறைகள் உடைக்கப்பட்டன. 12-ஆம் நூற்றாண்டில் ஆலயத்தை விரிவாக்கிக் கட்டிய லத்தீன் கொத்தர்கள், வடபக்கத்தில் பழைய முற்றத்தின் தூண்வரிசையை இடிக்காமல் தங்கள் புதிய தூண்களுக்கு அருகிலேயே விட்டிருந்தார்கள். கன்னி மரியின் வளைவுகள் என்று இப்போது அழைக்கப்படும் அந்தப் பகுதியில், யோவான் கரியனிதிஸ் வாதாடிப் பெற்ற பணத்தில் எழுந்த 11-ஆம் நூற்றாண்டு வேலையின் பகுதிகளை இன்றும் பார்க்கலாம்.